கொக்கி விழாத பல்

…இல்லை, மின்விசிறியின் சத்தம் அல்ல அது, மின்விசிறிக்கு ஒரு தொடர்ச்சி உண்டு, இது ஒரே ஒருமுறை ‘டக்’கென்று கேட்டு அதோடு நின்றுபோன சத்தம், நாற்காலியின் அடியிலிருந்து, வலப்பக்கமிருந்து வந்தது, வந்த அதே கணத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் தலை ஒரு விரற்கடை அளவு கீழே இறங்கி நின்றது, அவளுடைய இமைகள் அசையவில்லை, வாய் லேசாகத் திறந்தபடியே இருக்கிறது, தூங்குகிறாள், நல்லவேளையாகத் தூங்குகிறாள்… என் கையில் இருந்த துவைத்த துணிகள் எப்போது தரையில் விழுந்தன? நான் எப்போது அறையைக் கடந்தேன்? தெரியவில்லை, நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன், சாய்மானத்தின் மேல்விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றியிருக்கிறேன், ஒரு முழங்கால் அதன் முதுகில் முட்டுக்கொடுத்திருக்கிறது, மூச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. விட்டுப் பார்க்கலாமா? முழுவதும் வேண்டாம், பிடியைச் சற்றே தளர்த்திப் பார்க்கலாமா? தளர்த்தினேன், அடியில் இரும்போடு இரும்பு உரசும் மெல்லிய ஓசை கேட்டது, மறுகணமே இறுகப் பற்றிக்கொண்டேன். ஆக, கொக்கி விழவில்லை. பல்லின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது, பள்ளத்துக்குள் இறங்கவில்லை, இப்போது அக்காவைத் தாங்கிக்கொண்டிருப்பது பாதி அந்த விளிம்பு, பாதி நான், எங்கள் இருவரில் யார் முதலில் சோர்வது என்பது ஒன்றுதான் மிச்சம்.

இந்த நாற்காலியின் சூட்சுமம் முழுவதும் வலது கைதாங்கிக்குக் கீழே இருக்கிறது. வளைந்த இரும்புப் பட்டை ஒன்று, அதன் ஓரம் நெடுகப் பற்கள், சாய்மானம் சாயச் சாய அந்தப் பட்டை நகரும், இருக்கையின் சட்டத்தில் பொருத்திய கொக்கி பல் பல்லாக ஏறி இறங்கும், நெம்புகோலைத் தூக்கினால் கொக்கி விலகும், விட்டால் எந்தப் பல்லுக்கு நேராக இருக்கிறதோ அதில் விழுந்து கவ்விக்கொள்ளும், கவ்வுவதற்கான வலு ஒரு சிறிய சுருள்வில்லிலிருந்து வருகிறது, அந்த வில்லை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதை ஒரு நட்டு தீர்மானிக்கிறது. நட்டை இறுக்கினால் கொக்கி ஆழமாகக் கவ்வும், ஆனால் நெம்புகோலைத் தூக்கத் தம் கட்ட வேண்டும். தளர்த்தினால் நெம்புகோல் இரண்டு விரலுக்கு வசப்படும், ஆனால் கொக்கி பல்லின்மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கும். இவ்வளவும் மருத்துவச் சாதனக் கடையிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கியவர் சொன்னதுதான், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே சொன்னார், “ஒரு தடவ செட் பண்ணிட்டா அப்படியே விட்டுடுங்கம்மா, சும்மா சும்மா நோண்டாதீங்க.” அக்கா அப்போது கட்டிலில் படுத்தபடியே, “இவகிட்டயா சொல்றீங்க? தூங்குறவன் மூக்குல கண்ணாடி ஆடினாலும் அவனை எழுப்பாம ஸ்க்ரூவ முறுக்கிட்டுப் போற ஆளு இவ” என்றாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் எனக்கு அவள் வைத்திருக்கும் பெயரே ஸ்க்ரூ, அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் அக்கா வேடிக்கையாகச் சொல்லும் எதையும் என்னால் வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை… இப்போது எதற்கு இது? கையைக் கவனி. வலது கை நழுவுகிறது, வியர்வை, விளிம்பின் ரெக்சின் உறை வழவழக்கிறது, துணி ஒன்றைச் சுற்றிப் பிடித்திருக்கலாம், துணியெல்லாம் தரையில் கிடக்கிறது, காலால் ஒன்றை இழுக்கலாம், இழுத்து என்ன செய்வது, குனிய முடியாதே.

அறுவைசிகிச்சை செய்த மருத்துவர் மேசைமேல் இருந்த தன் பேனாவை எடுத்து நட்டநடுவில் இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார், இதுதான் உங்க அக்காவோட முதுகு, இங்க தகடு வச்சிருக்கோம், எலும்பு இன்னும் சேரல, சேர்ற வரைக்கும் ஒரு திடீர் இறக்கம், ஒரு குலுக்கல் வரக் கூடாது, வந்தா தகடு நகரும், நகர்ந்தா நரம்பு, நரம்புன்னா கால்… சொல்லிவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார், அக்காவின் கால்களையும் அதோடு சேர்த்துச் செருகிக்கொண்டதுபோல எனக்குத் தோன்றியது. பேருந்து ஓட்டுகிறவளின் கால்கள். நகரத்தின் நெரிசலில் நாள் முழுவதும் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து மிதித்துத்தான் அந்த முதுகே தேய்ந்தது என்றார்கள், இப்போது அந்த முதுகைக் காப்பாற்றாவிட்டால் கால்கள் இல்லை, கால்கள் இல்லாவிட்டால் பேருந்து இல்லை, பேருந்து இல்லாவிட்டால் அக்கா என்று நான் யாரைக் கூப்பிடுவேன்? இந்தச் சாய்மானம் இங்கிருந்து நழுவினால் நடுவில் எங்கும் நிற்காது, தட்டையாகப் போய்த்தான் நிற்கும். எழுப்பலாமா? எழுப்பினால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், ஓட்டுநர்கள் எழுவதுபோல எழுவாள், கண் திறப்பதற்கு முன்பே உடம்பு முன்னால் பாயும், வலது கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும், சின்ன வயதிலிருந்து அல்ல, வேலைக்குப் போன பிறகு வந்த பழக்கம் அது. எழுந்து உட்காரவும் முடியாது, இடுப்புப் பட்டை கட்டாமல் உட்காரக் கூடாது, பட்டை கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது, முக்காலி ஜன்னலோரம் இருக்கிறது, அதை இழுத்து அடியில் செருகினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும், நாலே எட்டில் இருக்கிறது, வேறு ஊரில் இருப்பதுபோல இருக்கிறது.

கைபேசி அடிக்கிறது. ஐயோ, சாப்பாட்டு மேசையின் மேல், அதிர்வோடு சேர்த்து, மேசையே உறுமுகிறது, அவராகத்தான் இருக்கும், வேலையிடத்திலிருந்து மதியம் ஒருமுறை கூப்பிடுவார், சாப்பிட்டாச்சா, அக்கா சாப்பிட்டாங்களா, வேற ஒண்ணும் இல்லையே, என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார், எடுக்காவிட்டால் குளிக்கிறேன் என்று நினைப்பார், பதறமாட்டார், பதறாத மனிதர், அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன், இன்றைக்கு ஒருநாள் பதறித் தொலைத்தால் என்ன? நிற்கட்டும், நிற்கட்டும், அக்காவின் புருவம் சுருங்குகிறது, சுருங்கி விரிகிறது, மணி நின்றுவிட்டது. அறையில் மறுபடியும் விசிறி மட்டும். கத்தினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும், கேட்டு அவர்கள் வந்தாலும் கதவு பூட்டியிருக்கிறது, இன்னொரு சாவி அவரிடம்தான், பூட்டியது நான்தான், அக்கா தூங்கும்போது யாரும் மணி அடித்து எழுப்பிவிடக் கூடாது என்று மணியின் இணைப்பையும் எடுத்துவிட்டேன், எவ்வளவு கவனமான ஆள் நான்! கவனம், கவனம் என்று ஒவ்வொரு வாசலாக அடைத்து வைத்திருக்கிறேன். போன வாரம் குளியலறையில் மிதியடி வழுக்கி அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இதேதான், வழுக்கக் கூடாது என்றுதான் அந்த மிதியடியையே போட்டேன், அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம், நிதானமாகச் சொன்னாள், “இங்க பாரு, இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா நான் என் ரூமுக்கே போயிடறேன். உன் மேல தப்பு சொல்லல. எனக்கு நானே பாத்துக்கிட்டா யார் மேலயும் கோவப்பட வேண்டி வராது, அவ்ளோதான்.” மாடிப்படி ஏறிப்போக வேண்டிய அந்த ஒற்றை அறைக்கு, குடிநீருக்குக்கூடக் கீழே இறங்க வேண்டிய அறைக்கு. போய்விடுவாள். சொன்னால் செய்கிறவள். இப்போது நான் “அக்கா, நாற்காலி பழுதாகிவிட்டது” என்று சொன்னால் அதுதான் அந்த இன்னொரு தடவை.

அப்படியென்றால் நான் எதற்குப் பயந்துகொண்டு நிற்கிறேன், அவள் முதுகுக்கா, அவள் போய்விடுவாள் என்பதற்கா? இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொண்டால் கை கொஞ்சம் உறுதிப்படும். ஆனால் ஒன்றல்ல. அவளுக்கு அறுவைசிகிச்சை என்பதே எனக்குத் தெரியாது, கடையில் ஓய்வாக இருந்த ஒரு வேளையில், புதிதாக வந்த வெயில்கண்ணாடி ஒன்று அவளுக்கு நன்றாக இருக்குமே, வண்டி ஓட்டும்போது எதிர்வெயில் அடிக்காதே என்று கேட்கத்தான் கூப்பிட்டேன், எடுத்தது ஆண்குரல், தொப்பி என்று அக்கா கூப்பிடுகிறவன், அவளோடு ஒரே பேருந்தை மாற்று வேளையில் ஓட்டுகிறவன், கோடையிலும் மழையிலும் ஒரே தொப்பியோடு திரிகிறவன், “ஒண்ணும் கவலப்படாதீங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்பதான் வெளிய கொண்டாந்தாங்க” என்றான், எனக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான், நானும் “அப்படியா, சரி, சரி” என்றேன், தெரிந்ததுபோலவே சொன்னேன், என் கையில் அந்தக் கண்ணாடி இருந்தது, அதன் காதுக்கம்பியை விரித்து, மடித்து, விரித்து… எனக்கு அப்போது அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது, அக்காவின் மயக்கம் தெளியும்போது வெளியே உட்கார்ந்திருக்கத் தகுதியில்லாத தங்கச்சி என்று ஒரு வெட்கம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்று, பிடிவாதமாக நின்று, தொப்பியின் முன்னாலேயே, என் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்து, நாற்காலி ஏற்பாடு செய்து, கடையில் காலைவேளை மட்டும் பார்ப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கி… எல்லாம் எதற்கு? அவளைத் தாங்குவதற்கா, தாங்குகிறவளாக நான் இருக்க வேண்டும் என்பதற்கா? நல்ல கேள்வி, கேட்க நல்ல நேரம், முழங்கால் நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

காலை மாற்றிக்கொள்ள வேண்டும். மெதுவாக. வலது முழங்காலை எடுப்பதற்கு முன் இடது முழங்காலை வைத்துவிட வேண்டும், நடுவில் ஒரு கணம் இரண்டும் இருக்க வேண்டும், வை, இன்னும் மேலே, சரி, இப்போது எடு. உரசல். ‘க்ர்ர்’. பல் ஒன்று அரைபடுகிற ஓசை, என் பல்லே கூசுகிறது, நின்றது. இந்தப் பக்கம் சாய்ந்து நின்றதில் ஒரு வசதி, கைதாங்கிக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியே அந்த நட்டு தெரிகிறது. தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் நான் பார்த்துவிட்டுப் போகிற நட்டு. தளர்ந்துதான் இருக்கும். கையில் வைத்திருக்கும் சின்னக் குறடால் அதை ஒரு திருகு இறுக்கிவிட்டுத்தான் செருப்புப் போடுவேன், அக்காவிடம் சொன்னதில்லை, சொன்னால் நாற்காலியின்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும், அதோடு இது சொல்வதற்கு ஒரு விஷயமும் அல்ல, கண்ணாடிக் கடையில் இதுதானே நாளெல்லாம், எவர் கண்ணாடியைத் துடைக்கக் கொடுத்தாலும் ஆணி தளர்ந்திருந்தால் கேட்காமல் இறுக்கிக் கொடுப்போம், அதைச் சொல்லிக் காட்டுவது எங்கள் கடையில் வழக்கமில்லை, திருகாணிகள் தாமாகவே தளரும், முகத்தின் அசைவில், நடையில், தும்மலில், அது உலோகத்தின் சுபாவம், யார்மேலும் குற்றமில்லை. ஆனால் நட்டுக்கு நேர்கீழே தரையில் அது என்ன? பொடி. பளபளக்கும் மெல்லிய இரும்புப்பொடி, சிட்டிகை அளவு, நேற்று கூட்டும்போது இல்லை… நட்டின் திருகுமரை தின்னப்பட்டு உதிர்ந்த பொடி அது. தானாகத் தளர்கிற நட்டு இப்படிப் பொடி உதிர்க்காது. நாளுக்கு ஒரு திருகு இறுக்கினாலும் உதிர்க்காது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், வெவ்வேறு பிடியில், வெவ்வேறு கோணத்தில், மல்லுக்கட்டியதுபோலத் திருகினால் மட்டுமே மரை இப்படி ஒன்றையொன்று தின்னும், அப்படியானால்…

“எவ்ளோ நேரம்டி புடிச்சுட்டு நிப்ப?”

அக்கா கண்களைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. “அசையாத அக்கா, அசையவே அசையாத, கொக்கி விழல” என்றேன், என் குரல் யாருடையதோபோல இருந்தது. “தெரியும்” என்றாள். “டக்குனு ஒரு சத்தம் வந்துச்சே. கியர் விழலைன்னா எனக்குத் தெரியாதா?” அப்போ நீ தூங்கல? “தூங்குறேன்னு யார் சொன்னா? நீதான் துணியெல்லாம் போட்டுட்டு ஓடி வந்து பூனை மாதிரி நின்ன. சரி, இவ என்னதான் பண்றான்னு பாக்கலாம்னு இருந்தேன்.” எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் கைகளுக்கு நல்லது செய்தது, இன்னும் இறுக்கிப் பிடித்தேன். “நட்டு தானா லூஸாகுதுக்கா. தினமும் காலைல நான்தான் பாத்து டைட் பண்றேன். உன்கிட்ட சொல்லல, நீ பயந்துடுவன்னு. இன்னிக்கு என்னமோ…” முடிக்கவில்லை, அக்காவின் வயிறு குலுங்கியது, சிரிக்கிறாள், சாய்மானம் அதிர்கிறது, “சிரிக்காத! அக்கா, சத்தியமா சிரிக்காத!” என்று நான் அழுகையின் விளிம்பில் நின்று கெஞ்ச, அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை நிறுத்தினாள். “தானா லூஸாகுதா? நல்லா இருக்குடி ஸ்க்ரூ உன் கதை. நான்தான் லூஸ் பண்றேன்.”

நீயா? “பின்ன, பேயா வந்து பண்ணும்? நீ முறுக்கி வச்சா அந்த லிவர தூக்க முடியல. தம் கட்டித் தூக்கினா தையல் இழுக்குது. நீ கடைக்குப் போனதும் நான் லேசாக் கழட்டி வச்சுப்பேன். சாயங்காலம் எறக்கிப் படுக்கும்போதும் ஒரு தடவ.” கைதாங்கியில் மாட்டியிருக்கும் அவளுடைய பழைய கைப்பையை நான் பார்த்தேன், ஒருநாளும் அதைக் கட்டில்மேலோ அலமாரியிலோ வைக்கவிட்டதில்லை, அதற்குள் ஒரு ஸ்பேனர் இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை, ஓட்டுநரின் பையில் வேறு என்ன இருக்கும்? “எதுக்குக்கா நீ தூக்கணும்? காலைல நீ தனியா எந்திரிக்கிறியா? பெல்ட்டு போடாமயா? நான் வந்து சார்ஜுல போடுற வரைக்கும் ஃபோன் பக்கத்துலதானே இருக்கு, கூப்பிட்டா நான் வர மாட்டேனா?” கைப்பையின் வாரை அவள் விரல்கள் ஒருமுறை சுற்றிக்கொண்டன. பிறகு மெதுவாக, எனக்கு ஏதோ பாடம் விளக்குவதுபோல அல்ல, தனக்கே ஒரு சந்தேகம் வந்ததுபோல, “நீ முறுக்குறது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது உனக்கும் தெரியும்னு நெனச்சேன்” என்றாள். “ஒரே வண்டியத்தான் நானும் தொப்பியும் எடுக்குறோம். அவன் எறங்கும்போது சீட்ட பின்னால தள்ளி வச்சிருப்பான், காலு நீளம். நான் ஏறினதும் முன்னால இழுத்துப்பேன். அவன் வந்தா மறுபடி தள்ளுவான். ஒருநாளாவது ஏன்டா தள்ளினன்னு கேட்டிருப்பேனா? அவனாவது கேட்டிருப்பானா? சீட்டு மாறியிருந்தா, சரி, ஆளு வந்துட்டுப் போயிருக்கான், வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். அதே மாதிரிதான்னு… காலைல நீ ஷிப்ட்டு முடிச்சுட்டுப் போற, இனிமே என் ஷிப்ட்டு. நமக்குள்ள ஒத்துப்போச்சுன்னு நெனச்சேன்டி.”

ஒத்துப்போச்சு. இத்தனை நாளாக அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு காலையிலும் குனிந்து அந்த நட்டைத் தொடும்போது உலோகத்தோடு தனியாக இருப்பதாக எண்ணியிருந்தேன், அவளோ அதே நட்டைத் தொட்டு, இவள் வந்துவிட்டுப் போயிருக்கிறாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பழுதாகத் தெரிந்தது அவளுக்குப் பேச்சுவார்த்தையாகத் தெரிந்திருக்கிறது, ஒருவர் சுற்றியதை மற்றவர் சுற்றி, சுற்றி, இருவருக்கும் நடுவில் இருந்த மரை மட்டும் யாரிடமும் சொல்லாமல் தேய்ந்துபோயிருக்கிறது. இதில் யார்மேல் கோபப்படுவது? எனக்குச் சொல்லத் தெரியவில்லையா, அவளுக்குக் கேட்கத் தெரியவில்லையா? “கையை மட்டும் கீழ விட்டு நட்டைத் திருப்பிப் பாரு, உடம்பு அசையக் கூடாது” என்றேன். அவளுடைய வலது கை கைதாங்கியிலிருந்து வழுக்கி இறங்கியது, விரல்கள் நட்டைத் தேடிப் பிடித்தன, திருகின, திருகின, மறுபடியும் திருகின. “சுத்துது” என்றாள். இறுகுதா? “சுத்துதுன்னுதானே சொல்றேன். சுத்திக்கிட்டே இருக்கு. மரை போயிடுச்சு. உனக்கு முன்னாடியே கழண்டுடுச்சு, இப்ப இதுக்கும்.” இந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல் வருகிறது, எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கிறது, சிரித்தால் கை தளரும் என்று மூக்கால் மூச்சுவிட்டேன்.

“மாப்பிள்ளை எப்ப வருவாரு?” சாயங்காலம். “அது வரைக்கும் இப்படியே நிக்கப்போறியா?” நிப்பேன். “காலு போயிடும்டி. அப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாற்காலி வாங்கணும்.” உன் மேல உள்ள கோவத்துல காலு வலியெல்லாம் தெரியாது, கவலப்படாத. “இந்தக் கோவம் எதுக்கு, நட்டுக்கா?” என்றாள், கண்களைத் திறந்தாள், தலைகீழாக என்னைப் பார்த்தாள், தலைகீழாகப் பார்க்கும்போது அவள் முகத்தில் வயது தெரியவில்லை. நட்டுக்கு இல்லை. கேட்டுவிட்டேன், இவ்வளவு நாள் கேட்காததை, இரண்டு கையும் கட்டுண்டிருக்கிற, எங்கும் எழுந்து போய்விட முடியாத இந்த நிலையில்தான் கேட்க முடிந்தது, “ஏன்கா எங்கிட்ட சொல்லல? தொப்பிக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியக் கூடாது?” தெருவில் ஏதோ ஒரு கனரக வண்டி பின்வாங்கும் எச்சரிக்கை ஒலி, அவள் அதைக் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்ததுபோல இருந்தது. “சொன்னா நீ வந்திருப்ப.” வந்தா என்ன? “வந்தா நீ அழுவ. நீ அழுதா நான் உன்னைச் சமாதானம் பண்ணணும். எப்பவும் அப்படித்தானே. அப்புறம் நான் எப்பதான்டி பயப்படுறது?” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பேருந்து தாமதமானதற்குக் காரணம் சொல்வதுபோல. “தொப்பி முன்னாடி நல்லா பயந்தேன். ஒரு வார்த்தை பேசாம டீ வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருந்தான்.”

நான் அழவில்லை. அழக் கூடாது என்று அந்தக் கணமே முடிவு செய்தேன், முடிவு செய்ததே ஒருவிதத்தில் அழுகைதான் என்பதும் தெரிந்தது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன், தாழ்த்தியதால்தான் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சம் சாய்மானத்தின் ஓரமாக விழுந்திருந்தது, அந்த வெளிச்சம் அக்காவின் தோளுக்கும் நாற்காலியின் முதுகுக்கும் நடுவே, ஒரு விரல் நுழையக்கூடிய இடைவெளியில், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்வரை ஓடியிருந்தது. அவள் தோள் எதன்மேலும் படவில்லை. தலையணை குழியவில்லை. அவளுடைய இடது கை கைதாங்கியை எப்படிப் பற்றியிருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன், கழுத்தில் எழும்பியிருந்த நரம்பை, இறுகியிருந்த அடிவயிற்றை… ஆக, இவள் தன்னைத் தானே தாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் பிடித்திருப்பது வெறும் நாற்காலியை. எப்போதிலிருந்து? அந்த ‘டக்’கிலிருந்தா? இல்லை, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தா, ஒவ்வொரு மதியமும் தூங்குவதுபோல இமைகளை மூடிக்கொண்டு, நான் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போகும்வரை? “அக்கா, முதுகை விடு” என்றேன். “விட்டுட்டுதானே இருக்கேன்.” விடல. நான் பாக்குறேன். வயித்தை இறுக்காத, தையலுக்கு ஆகாது. என் கைமேல விடு. “நீ தாங்கமாட்ட.” தாங்குவேன். “விழுந்தா?” விழமாட்ட. இதை எந்தத் துணிச்சலில் சொன்னேன் என்று தெரியாது, விரல்களில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது, கொக்கி பல்லின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

வெளிச்சக் கோடு மெலிந்தது. தோள் இறங்கிப் படிந்ததும் அது நடுவில் அறுந்து, இரு ஓரங்களிலும் சிறிது நின்று, மறைந்தது. தலையணை குழிந்தது. “விட்டுட்டேன், போதுமா?” என்றாள். நான் காத்திருந்தேன், உள்ளங்கைகளில் வந்து இறங்கப்போகும் கனத்துக்காக முழு உடம்பையும் கூட்டிவைத்துக் காத்திருந்தேன், கனம் வரவில்லை, அல்லது வந்துவிட்டது, மரத்துப்போன கைகளுக்கு அது எட்டவில்லை, அல்லது அவள் தோளை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு இடுப்புக்குக் கீழே எங்கோ இன்னும் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்… “அக்கா?” என்றேன். “ம்” என்றாள். அந்த ஓர் எழுத்தை மூச்சை வெளியே விட்டுச் சொன்னாளா, உள்ளே பிடித்துக்கொண்டு சொன்னாளா என்று இன்னொருமுறை கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் இன்னொருமுறை கேட்டால் அவள் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்பதும் தெரியும், ஆகவே கேட்கவில்லை, விளிம்பை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.